இடக் கன்னத்து மயில்

என் குறிப்பேட்டில் அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. வரிசை எண், வயது, கேட்ட முகம், வரைந்த முகம், தோலில் தடிப்பு உண்டா இல்லையா என்று ஐந்து கட்டங்கள். பதினெட்டாவது வரி வரை எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. பத்தொன்பதாவது வரியில் முப்பத்தெட்டு என்ற வயதும் மயில் என்ற சொல்லும் மட்டும் உள்ளன. கடைசிக் கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் எழுதவேண்டியது ஒரு சொல்லுக்குள் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிரான்ஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். பெட்டிகளைத் திகதிப்படி அடுக்குவதும், காலாவதியானவற்றைக் கழிப்பதும், தமிழ்ச் சனம் வந்தால் எந்தக் குளிசையை எப்போது போடவேண்டும் என்று விளங்கப்படுத்துவதும் என் வேலை. முகத்தில் வரையப் பழகியது மகள் சின்ன வகுப்பில் படித்த காலத்தில். பள்ளிக்கூட விழாவுக்குப் பெற்றோர் ஏதாவது உதவி செய்யவேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது பிரெஞ்சு காணாது, கேக் அடிக்கவும் தெரியாது. வரைய மட்டும் வரும். மகள் வளர்ந்து வேலைக்கென்று வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். தூரிகைகள் என்னோடு நின்றுவிட்டன.

ஒவ்வொரு வருடமும், இறந்தோர் நாளை ஒட்டிப் பள்ளிக்கூடங்கள் மூடும் விடுமுறையில், எங்கள் சனத்தின் சங்கம் ஒன்று பிள்ளைகளுக்கு ஹலோவீன் கொண்டாட்டம் வைக்கும். மெற்றோவிலிருந்து ஏழு நிமிட நடையில் நிலத்துக்குக் கீழே ஒரு மண்டபம். ஜன்னல் கிடையாது. சுவரில் ஈரம் ஊறியிருக்கும். போகிற வழியில் பூக்கடை வாசலெங்கும் கல்லறைக்குக் கொண்டுபோகிற செவ்வந்திச் சட்டிகள் அடுக்கியிருக்கும். அந்த வருடம் கந்தசஷ்டி விரதம் அதே சனிக்கிழமை தொடங்கியது. எங்கள் பெண்கள் அந்தச் சட்டிகளில் மஞ்சளாகப் பார்த்து, சாமிக்கென்று வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

என் முறை கொஞ்சம் கண்டிப்பானது. முதலில் பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு பொட்டு நிறம் வைத்து, பதினைந்து நிமிடம் பார்ப்பேன். தடிக்காவிட்டால்தான் முகத்தில் தொடுவேன். நீலமும் பச்சையும் தோலில் சாயம் இறக்கும். அதனால் அந்த இரண்டு நிறத்துக்கும் முன்னால் ஒரு கிறீமை மெல்லிசாகப் பூசி ஆறவிடுவேன். கடைசியாக, எந்த முகமாக இருந்தாலும், தாடை ஓரத்தில் கண்ணூறு, நாவூறு படாமல் ஒரு கறுப்புப் பொட்டு வைப்பேன்.

சங்கத்தின் செயலாளர் எபினே-சூர்-செய்ன் என்ற புறநகரில் இருக்கும் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் சும்மா இராது.

"அக்கா, எலும்புக்கூட்டுக்கு ஆர் நாவூறு படுத்தப் போகினம்?"

"வடிவான எலும்புக்கூடெண்டால் படும்."

"உங்கடை பேயள் எல்லாம் மெடிக்கல் முடிச்ச பேயள், என்ன?"

அவர்தான் என் மேசைக்கு மேலே ஒரு தாளை ஒட்டியிருந்தார்: புலி கீறப்படமாட்டாது. ஒரு வருடம் நான் பத்துப் பிள்ளைகளுக்குப் புலி வரைந்தேன். ஒரு தகப்பன் அந்தப் படங்களை இணையத்தில் எங்கோ பதிவுசெய்ய, இன்னொரு தகப்பன் சண்டைக்கு வர, நிர்வாகசபை மூன்று தரம் கூடிப் பேசியது. அதன் பிறகு புலி கேட்கும் பிள்ளைகளுக்கு வரி வரியாக மஞ்சள் பூனை வரைகிறேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தீக்ர்!" என்று பிரெஞ்சில் புலியின் பெயரைக் கத்திக்கொண்டு ஓடுவார்கள். "பூனையடா," என்று செயலாளர் பின்னால் சத்தம் போடுவார்.

மண்டபத்தின் பின்பக்கம் சின்னக் குசினி. அங்கே ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தவர்தான் அந்தப் பத்தொன்பதாவது வரி. வில்லியே லே பெல் என்ற இன்னொரு புறநகரில் இரண்டு பேரோடு ஒரு அறையில் இருந்தார். கிழமை நாட்களில் ஒரு உணவகத்தில் சமையல். மருந்துக்கடைக்கு வருவார், அப்படித்தான் பழக்கம். ஒன்றரை வருடத்துக்கு முன் வேலையில் கொதி எண்ணெய் சட்டியோடு சரிந்து அவருடைய இடக் கன்னத்தில் கொட்டிவிட்டது. கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை தோல் பளபளத்து, ஓரங்கள் தடித்து, ஒரு தீவின் கரைபோல வளைந்து போயிருந்தது. புண் நன்றாக ஆறிவிட்டது. அதற்கான களிம்பை மாதக்கணக்காக எடுத்துக் கொடுத்தவள் நான்.

அவர் ரோல்ஸ் தட்டோடு வெளியே வந்தபோது வரிசையில் நின்ற ஒரு சிறுமி அவரைக் காட்டி, எனக்கும் அந்த அங்கிளுக்குச் செய்தது மாதிரியே வேண்டும், அது உண்மை மாதிரியே இருக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டாள்.

அவர் குனிந்து அவளிடம் தட்டை நீட்டினார். "இது கழுவினால் போகாது, செல்லம். நீங்கள் பூனை கீறுங்கோ."

நான்கு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது பிள்ளைகள் கேக் வெட்டப் போய்விட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் முன்னால் இருந்த சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார்.

"அக்கா, எனக்கும் ஒண்டு கீறுவீங்களோ?"

"பகிடியோ தம்பி?"

"பகிடியில்லை. அம்மாவோட கதைக்கவேணும். முகத்தைப் பாக்கவேணுமாம்."

அவர் சொன்னது இதுதான். தாய் யாழ்ப்பாணத்தில் மூத்த மகனோடு இருக்கிறார். இவர் வந்து பன்னிரண்டு வருடம். அகதி வழக்கு இன்னும் முடியாததால் போய்வர வழியில்லை. தாயிடம், மேசையில் இருந்து செய்யும் கந்தோர் வேலை என்று சொல்லியிருக்கிறார். கன்னம் எரிந்த நாளிலிருந்து, போனில் கமெரா பழுதென்று சொல்லி, குரலில் மட்டும் கதைக்கிறார். தாய்க்கு இருதய வருத்தம். வருகிற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். அதற்கு முதல் மகனின் முகத்தை ஒருதரம் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"இஞ்சை எல்லாரும் வேசத்தில நிக்கினம். நானும் வேசத்தோட நிண்டால் ஒண்டும் யோசிக்கமாட்டா. முழுக்கப் பூசிவிடுங்கோ."

நான் மாதிரிப் படங்கள் ஒட்டிய கொப்பியைத் திறந்தேன். எலும்புக்கூடு, இரத்தக்காட்டேரி, வௌவால், ஆந்தை, கறுப்புப் பூனை, கண் குழிந்த பேய். சத்திரசிகிச்சைக்குப் போகவிருக்கும் ஒரு தாய்க்கு இவற்றில் எதைக் காட்டுவது? அவரும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆந்தையைக் கண்டதும், "இதைக் கண்டால் அம்மா போனை எறிஞ்சுபோடுவா," என்றார். கடைசிப் பக்கத்தில், ஒரு பிறந்தநாள் விழாவுக்காக எப்போதோ வரைந்த மயில் இருந்தது. சஷ்டி தொடங்கிய நாள். இரண்டு பேருக்கும் அது சரியாகப் பட்டது.

"ஆனால் முழுக்கப் பூசேலாது," என்றேன். "அவ உங்களைப் பாக்கத்தானே கேக்கிறா? வலப் பக்கத்தை விடுவம். பிள்ளையின்ரை முகத்தில பாதியாவது தெரியட்டும்."

அவர் யோசித்தார். "சரி. உங்களுக்குத்தான் தெரியும்," என்றார்.

நேரம் குறைவாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்களைவிட நாலரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. தாய் ஒன்பது மணிக்குக் குளிசை போட்டுப் படுத்துவிடுவார். மணிக்கட்டுச் சோதனையை விட்டேன். கிறீமை எடுத்துக் கன்னத்தில் பூசினேன். எரிந்த தோலில் அது ஒட்டவில்லை. மழைத்துளி மெழுகில் உருளுவதுபோல் திரண்டு நின்றது. துடைத்துவிட்டு இரண்டாம் முறை பூசினேன். அதுவும் அப்படியே. மூன்றாம் முறை பூசவில்லை. கிறீம் இல்லாமலே நீலத்தை வைத்தேன். இத்தனை வருடத்தில் நான் அப்படிச் செய்த ஒரே முகம் அது.

வேலை நன்றாக வந்தது என்பதையும் எழுதவேண்டும். தோகைக் கண்களைத் தழும்பின் மேட்டில் வைத்தேன், பள்ளங்களில் பச்சையை நிறைத்தேன், தடித்த ஓரத்தை இறகின் தண்டாக்கினேன். மயிலின் கழுத்து அவர் கழுத்தில் இறங்கி, சட்டைக் கொலருக்குள் மறைந்தது. எரிந்த இடம் எதுவென்று களிம்பு கொடுத்த எனக்கே தெரியவில்லை. முடிவில், பழக்கப்படி, வலத் தாடையில் கறுப்புப் பொட்டை வைத்தேன். செயலாளர் வந்து எட்டிப் பார்த்து, "முருகன் இறங்கி எங்கையோ போட்டார், வாகனம் மட்டும் நிக்குது," என்றார். கதிரையில் இருந்தவர் சிரித்தார். சிரிக்கும்போது வண்ணம் வெடிக்கவில்லை.

நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு அழைத்தார். என் தண்ணீர்க் கிளாசில் போனைச் சாய்த்து வைத்தோம். முதலில் ஒரு நெற்றியும் சுழலும் மின்விசிறியும் தெரிந்தன. யாரோ ஒரு கை வந்து போனை நிமிர்த்தியது. பிறகு தாயின் முகம். திருநீறு பூசி, தலை வாரி, நல்ல சேலை உடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஐயோ, ஆரிது?"

"நான்தான் அம்மா."

"நீயோ? என்ன கோலமடா மோனை இது?"

"இஞ்சை பிள்ளையளின்ரை பார்ட்டி. எல்லாரும் வேசம்தான். இந்தாங்கோ, பாருங்கோ." போனைத் திருப்பிக் காட்டினார். கேக் பூசிய எலும்புக்கூடுகள் கை அசைத்தன.

"சுடலையால எழும்பி வந்ததுகள் மாதிரி நிக்குதுகள், பாவங்கள்," என்று தாய் சிரித்தார். "நீ ஏன் மயில்?"

"இண்டைக்குச் சஷ்டியெல்லோ."

"ஓம், ஓம். முருகா." பிறகு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெலிஞ்சுபோனாய். திரும்பு, மற்றப் பக்கத்தைக் காட்டு. உது கொப்பரின்ரை சாயல் அப்பிடியே." போனை இன்னும் கிட்டப் பிடித்தார். "அதேன் ஒரு பக்கம் மட்டும் பூசியிருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார்.

"சும்மா அம்மா. அப்பிடித்தான் கீறுறது."

"சரி. பாத்திட்டன். இப்ப அந்த மயிலைக் கழுவிப்போட்டு வா."

"பிறகு கழுவுறன்."

"பிறகெண்டால் எப்ப? செவ்வாய்க்கிழமை என்னைக் கொண்டுபோயிடுவினம். பன்னிரண்டு வரியம் மயிலைப் பாக்கவே இருந்தனான்? கழுவிப்போட்டு வா, ராசா. நான் போனை வைக்காமல் இருக்கிறன்."

அவர் எழும்பினார். போனில் படாத தூரத்துக்கு வந்து என் காதோடு சொன்னார்: "காட்டிப்போடுவம் அக்கா. கேக்கிறாதானே. பாக்கட்டும்." முடிவெடுத்துவிட்டார். நான் துவாயையும் சவர்க்காரத்தையும் எடுத்துக் கொடுத்தேன். குசினிக்குள் தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம் கேட்டது.

தாய் போனுக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, நீங்களோ கீறினது?"

"ஓம் அம்மா."

"வடிவாய்க் கீறியிருக்கிறீங்கள். நாவூறுப் பொட்டும் கண்டனான். நல்லது." ஒரு மூச்சு எடுத்தார். "ஏன் பிள்ளை ஒரு பக்கம் மட்டும்?"

"நேரம் காணாதம்மா. பிள்ளையள் லைனில நிக்கினம்."

மண்டபத்தில் என் மேசைக்கு முன்னால் அப்போது ஒருவரும் இல்லை. அது தாய்க்குப் பின்னணியில் தெரிந்திருக்கும். சேலைத் தலைப்பால் போன் கண்ணாடியைத் துடைத்திருப்பார்போலும், படம் ஒருமுறை மங்கித் தெளிந்தது.

மகன் குசினி வாசலில் வந்து நின்றார். துவாயை முகத்திலிருந்து எடுத்தார்.

மயில் போயிருந்தது. ஆனால் அது கிடந்த இடம் போகவில்லை. நீலமும் பச்சையும் எரிந்த தோலின் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி, தழும்பின் கரை முழுவதையும் கோடு போட்டுக் காட்டின. ஒன்றரை வருடம் ஆறி, மண்நிறத்துக்கு வந்துவிட்ட ஒரு காயம், நேற்றுத்தான் பட்டு, உள்ளே அழுகிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. நல்ல தோலில், நான் கிறீம் பூசிய இடங்களில், ஒரு சொட்டு நிறமும் இல்லை.

என் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். பக்கத்தில் பிள்ளைகளுக்காக மாட்டியிருந்த கண்ணாடியில் போய்ப் பார்த்தார். மறுபடியும் துவாயால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கச் சுற்றியிருந்த தோல் சிவந்து, நீலம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

"வந்திட்டானோ?" என்று போனுக்குள் இருந்து தாய் கேட்டார்.

அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, போனுக்குத் தெரியாமல், கையால் எனக்குச் சைகை காட்டினார். வெட்டு என்றார். நான் அசையாமல் நின்றேன். "வையுங்கோ அக்கா," என்று சத்தமில்லாமல் வாயசைத்தார். நான்தான் பெருவிரலை வைத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். தாய் கடைசியாகக் கண்டது என் விரலைத்தான். நான்கு மணி பத்தொன்பது நிமிடம்.

போன் மூன்று தரம் திரும்ப அடித்தது. அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நெட் போய்விட்டது, நாளைக்குக் கதைக்கிறேன் என்று குரலில் ஒரு செய்தி அனுப்பினார். பிறகு நான் தேங்காயெண்ணெய், குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெய், சவர நுரை என்று தெரிந்ததெல்லாம் வைத்துத் துடைத்தேன். முக்கால் மணித்தியாலம். கொஞ்சம் மங்கியது. பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றார்கள். இப்போது உண்மையாகவே நேரம் காணாமல் இருந்தது.

"விடுங்கோ அக்கா," என்றார். "நீங்கள் வேணுமெண்டோ செய்தனீங்கள்?"

இன்றைக்கும் அந்தச் சொல்லைத்தான் நான் அடிக்கடி கேட்கிறேன். கிறீம் ஒட்டாது என்று தெரிந்ததும் தூரிகையைக் கீழே வைத்திருக்கலாம். நீலத்துக்குப் பதில் மஞ்சளில் ஏதாவது வரைந்திருக்கலாம். அவர் கேட்டபடி முழுமுகமும் பூசியிருந்தால் தாய் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார். எந்த நிறம் எந்தத் தோலில் என்ன செய்யும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த மண்டபத்தில் நான்தான்.

அவர் கழுத்துச் சால்வையை இடக் கன்னம் மறைய இழுத்துக் கட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனார். வலத் தாடையில் நான் வைத்த கறுப்புப் பொட்டு சால்வைக்கு வெளியே தெரிந்தது. இடப் பக்கத்தை மட்டும் கழுவியதால் அது தப்பியிருந்தது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

சாயம் போக ஆறு நாள் எடுத்தது. அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்து போய்விட்டது.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை, அவர் மருந்துக்கடைக்கு வந்தார். தாய்க்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, வீட்டுக்கு வந்துவிட்டார் என்றார். நான் சந்தோசப்பட்டேன். அவர் களிம்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொரு ஞாயிறும் கேக்கிறா அக்கா. மயில் போட்டுதோ எண்டு."

"நீங்கள் என்ன சொல்லுறனீங்கள்?"

"இன்னும் போகேல்லை அம்மா எண்டுவன். அப்ப சரி, ஆறுதலாய்ப் போகட்டும் எண்டுவா."

"இப்பவெண்டாலும் காட்டலாமே."

"அண்டைக்கு வந்த துணிவு பிறகு வரேல்லை," என்றார். பின்னால் ஒரு பெண் இருமிக்கொண்டு நின்றார். அவர் விலகி வழிவிட்டார்.

மாசி மாதத்தில் ஒரு காலை, கடை திறக்கப் போகும்போது, பக்கத்துப் பலசரக்குக் கடைக் கண்ணாடியில் மரண அறிவித்தல் ஒன்று புதிதாக ஒட்டியிருந்தது. படத்தைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே திருநீறு. பிள்ளைகளின் பெயர்களில் இரண்டாவதாக அவருடைய பெயர், அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் பிரான்ஸ்.

பத்து நாள் கழித்துத்தான் அவரைக் கண்டேன். லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் தனியாக இருந்தார். தாடி வளர்ந்திருந்தது, எரிந்த இடத்தில் மட்டும் முளைக்கவில்லை. நான் எதிர்க் கதிரையில் போய் இருந்தேன். செத்தவீட்டை அண்ணன்காரர் போனில் நேரடியாகக் காட்டியதாகச் சொன்னார். வேலையிடத்துக் குசினியின் பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். பெட்டியை மூடுவதற்கு முதல் அண்ணன் போனைத் தாயின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோயிருக்கிறார்.

"அப்பதான் என்ரை கமெராவைப் போட்டனான் அக்கா."

தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் சீனி போடவில்லை என்பதை நான் கவனித்தேன்.

"அண்ணை கத்தினார், உனக்கு என்னடா நடந்தது எண்டு. சனமெல்லாம் எட்டிப் பாத்துது. நான் அம்மாட்டை மட்டும்தான் காட்டினனான். மயில் போட்டுது அம்மா எண்டு சொன்னனான்."

நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். அவருடைய தேநீர் ஆறிவிட்டது. இன்னொன்று கொண்டுவரச் சொன்னேன்.

போன வருடக் கொண்டாட்டத்துக்கும் நான் போனேன். அதே மண்டபம், அதே ஈரம், மேசைக்கு மேலே அதே தாள். அவர் வரவில்லை, ரோல்ஸ் கடையிலிருந்து வந்திருந்தது. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கொப்பியைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள். மயிலைக் கிழித்து எறிய எனக்கு மனம் வந்திருக்கவில்லை.

"நீலம் முடிஞ்சுபோச்சு, செல்லம்," என்றேன். நீல டப்பா துவாய்க்கு அடியில் நிறைந்தபடி இருந்தது.

அடுத்த வருடம் வாங்குவீர்களா என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்து மணிக்கட்டில் மஞ்சளால் ஒரு பொட்டு வைத்தேன். பதினைந்து நிமிடம் ஆகும், போய் விளையாடிவிட்டு வா என்றேன். அவள் போகவில்லை. கதிரையில் இருந்தபடி, கையை நீட்டி வைத்துக்கொண்டு, என்னோடு சேர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.